பார்க்கர் 51: மை ஏறவில்லை. 1956 மாடல்தானா?

நீலமசி:
பார்க்கர் 51, பழுப்பு பேரல், ஸ்டீல் மூடி. பேரலில் மேட் இன் யு.எஸ்.ஏ., அதை அடுத்து 6, பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி. விற்றவர் 1956 என்கிறார். பின்பக்கச் சின்ன மூடியைக் கழற்றினால் பிளாஸ்டிக் தண்டு இருக்கிறது. அமுக்கினால் எழும்புகிறது, மை ஏறவில்லை. உள்ளே ட்யூப் பார்க்கலாம் என்று கழுத்து வளையத்தில் திருகினால் அசையவில்லை. கொஞ்சம் பலமாகத் திருகலாமா?

அரக்குக்குச்சி:
திருகாதீங்க சார், பேரல் விரிசல் விடும். ட்யூப் அதில் கிடையவே கிடையாது.

1956-ஆக இருக்க வாய்ப்பில்லை. தண்டை அமுக்கி மை ஏற்றும் வேக்குமேட்டிக் முறையை பார்க்கரின் ஜேன்ஸ்வில் ஆலை 1948-ல் 51 மாடலில் கைவிட்டு, ட்யூப் வைத்த ஏரோமெட்ரிக் முறைக்கு மாறியது. ஏரோமெட்ரிக்கில்தான் பேரல் கழலும், உள்ளே உலோகக் கூட்டுக்குள் ட்யூப் இருக்கும். 51 கடைக்கு வந்ததே 1941-ல். ஆக உங்கள் 6 என்பது 1946. வருடத் தொடக்கத்தில் எண்ணோடு மூன்று புள்ளி போடுவார்கள், காலாண்டுக்கு ஒன்றாக எடுத்துவிடுவார்கள். ஒரு புள்ளி என்றால் ஜூலை–செப்டம்பர். பாலிஷ் போட்ட பேனாவில் புள்ளி தேய்ந்திருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்க.

இப்போது சோதனை. நிப்பை முழுக்கத் தண்ணீரில் வைத்து, தண்டை வேகமாகப் பத்து முறை அமுக்குங்க. குமிழி வராவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் (தண்டோடு சேர்ந்து அசைந்து மையை இழுக்கும் ரப்பர் உறை) போச்சு. குமிழி வந்தும் தண்ணீர் கொஞ்சம்தான் நிற்கிறது என்றால் நடுவில் ஓடும் மூச்சுக்குழாய் உடைந்திருக்கும்.

நீலமசி:
குமிழி இல்லை. தண்டைச் சுற்றி பழைய மை கசிகிறது.

அரக்குக்குச்சி:
அப்படியானால் டயாஃப்ரம்தான். வாங்கும்போது ‘51-க்கு’ என்று சொல்லுங்க. பெரிய வேக்குமேட்டிக் மாடல்களுக்கு அளவு வேறு.

பின்பக்கத்தை ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டு, ஹேர் ட்ரையரில் கை பொறுக்கும் சூடு காட்டி, வேக்குமேட்டிக் ரெஞ்சால் (இதற்கென்றே உள்ள திருகி) ஃபில்லரை, அதாவது தண்டு இருக்கும் பின்பக்கப் பகுதியை, கழற்றுங்க. குறடு போட்டால் மரை நசுங்கும். முன்னால் நிப்பை மூடியிருக்கும் கூட்டையும் அதே சூட்டில் கழற்றிவிடுவது நல்லது, காரணம் பின்னால் சொல்கிறேன்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பேரலுக்குள் டயாஃப்ரம் உட்காரும் விளிம்பில் பழைய ரப்பர் கெட்டித்து ஒட்டியிருக்கும். அதைத் துளிகூட விடாமல் சுரண்டணும். மிச்சம் இருந்தால் புது டயாஃப்ரமும் ஒழுகும்.

தண்டு நுனிக் கிண்ணத்தில், டயாஃப்ரத்தைப் பிடித்து வைக்கும் பழைய குண்டு மாட்டியிருக்கும். பிளாஸ்டிக் கிண்ணம், நெம்பினால் பிளக்கும். மெல்லிய துளைக்கருவியைக் கையாலேயே சுற்றித் தோண்டுங்க. புது டயாஃப்ரம் நுனிக்குள் குண்டைப் போட்டு, மொண்ணைக் குச்சியால் கிண்ணத்தில் அழுத்துங்க. ‘டக்’கென்று உட்காரும். லேசாக இழுத்தால் வரக்கூடாது. பிறகு ரப்பரைப் பின்னோக்கி மடித்து ஃபில்லரின் கூம்பின்மேல் போட்டு, டால்கம் பவுடர் தூவித் திருகுங்க. பவுடர் இல்லாவிட்டால் ரப்பர் கூடவே சுற்றி முறுக்கிக்கொள்ளும். முன்பக்கம் திறந்திருந்தால் டார்ச் அடித்து முறுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கூட்டுநிப்பு:
மேலே சொன்னதோடு இரண்டு விஷயம். கூட்டை ஒட்ட அரக்கு மட்டும் போடுங்க. சூப்பர் க்ளூ போட்டால் அடுத்தவர் திறக்கவே முடியாது. சுத்தம் செய்ய ஸ்பிரிட் கூடாது, லூசைட் (பேனா உடம்பின் அக்ரிலிக் பிளாஸ்டிக்) விரிசல் விடும். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அமோனியா போதும்.

அந்த லூசைட்டைப் போட்டதே மையின் பொருட்டுத்தான். சீக்கிரம் காயும் மை ஒன்றை பார்க்கர் இந்தப் பேனாவுக்கென்றே செய்தது. காரம் அதிகம், செல்லுலாய்டை அரிக்கும். நிப்பைத் திறந்து வைத்தால் நுனியிலேயே காய்ந்துவிடும். அதனால்தான் அக்ரிலிக் உடம்பு, மூடிய நிப்பு. 1947-ல் வந்த பார்க்கரின் சூப்பர்குரோம் மையும் அதே ஜாதி. பழைய பாட்டில் கிடைத்தால் அலமாரியில் வையுங்க, புது ரப்பருக்கு விடாதீங்க. பார்க்கரின் சாதா மையான குவிங்க் போதும்.

நீலமசி:
அரக்கு எப்போது போடுவது, சோதனைக்கு முன்பா?

கூட்டுநிப்பு:
பிறகு. கூட்டைச் சும்மா திருகி, தண்ணீர் நிரப்பி, நிப்பு மேலே பார்க்க டிஷ்யூவில் ஒரு இரவு நிறுத்துங்க. தண்டுப் பக்கம் ஈரம் இல்லாவிட்டால் அரக்கு வைக்கலாம்.