ஹார்ன் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்? ஒன்றில் இரைச்சல், இன்னொன்றில் ஹம், அதோடு குரல் கத்துகிறது

பாட்டுப்பித்தன்
எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் வரை சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர்தான் வைத்திருந்தேன். இப்போது ஹார்ன், வாய் விரிந்த குழல் வைத்த ஸ்பீக்கர். நடு, உச்ச ஸ்வரங்களுக்கு கம்ப்ரெஷன் டிரைவர் (ஹார்னின் தொண்டையில் ஒலி எழுப்பும் பகுதி), பாஸுக்கு, அதாவது அடி ஸ்வரங்களுக்கு, 15 அங்குல வூஃபர், ஸ்வரங்களைப் பிரித்து அனுப்பும் க்ராஸ்ஓவர் உள்ளேயே இருக்கிறது. ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டரில் 105 டெசிபெல், 8 ஓம் என்று போட்டிருக்கிறது.

முதலில் என் பழைய 150 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பை மாட்டினேன். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே 'உஸ்ஸ்' என்று இரைச்சல், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் கேட்கிறது. வால்யூம் குமிழை லேசாகத் தொட்டாலே வீடு அதிர்கிறது. மிருதங்கத்தில் விரல் பட்டு எடுத்த வேகம் அப்படியே வருகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் மெதுவாக வைத்துக் கேட்டால் வயலின் வறண்டு, மணல் கலந்த மாதிரி. சத்தம் கூட்டினால் சரியாகிவிடுகிறது!

அப்புறம் நண்பரிடம் 300பி என்ற வால்வு (கண்ணாடிக் குழாய்) போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப், அதாவது முழு அலையையும் ஒரே வால்வு பெருக்குவது, இரவல் வாங்கினேன். 8 வாட்தான். இரைச்சல் போயே போச்சு. குரல் ஸ்பீக்கரை விட்டு இறங்கி முன்னால் வந்து நின்றது, பாடகி மூச்சு இழுப்பது வரை கேட்டது. ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சில இடங்களில் காதில் குத்துகிற மாதிரி கத்துகிறது. பாஸ் தளர்ந்துவிட்டது. இடது பக்கம் 'ம்ம்ம்' என்று ஹம் வேறு. நான் எதை வைத்துக்கொள்ள?

பழையவால்வு
யோசிக்கவே வேண்டாம், 300பி! ஹார்ன் பிறந்ததே குறைந்த வாட்டுக்காகத்தான். 1930களில் தியேட்டர் முழுக்கப் பேசும் படம் கேட்க வேண்டும், கையில் இருந்ததோ சில வாட் ஆம்ப். அந்தச் சில வாட்டில் அரங்கத்தை நிறைக்கத்தான் அவ்வளவு பெரிய ஹார்ன்களைக் கட்டினார்கள். நாதஸ்வரத்தின் அணைசை, அந்த விரிந்த அடிப்பகுதியை, கழற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள், ஹார்ன் என்ன வேலை செய்கிறது என்று புரியும். கத்துவது நாள்பட சரியாகிவிடும், வால்வு பழகட்டும்.

மல்டிமீட்டர்
பழகினால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். அவர் சொல்கிற மூன்றும் வேறு வேறு கோளாறு.

முதலில் கணக்கு. ஒரு மீட்டரில் 85 டெசிபெல் வர உங்கள் ஸ்பீக்கருக்கு 0.01 வாட் போதும். 8 ஓமில் அது 0.28 வோல்ட். சிடி ப்ளேயரே 2 வோல்ட் தரும். அதை 25, 30 டெசிபெல் பெருக்குகிற ஆம்பில் கொடுத்தால் குமிழ் எங்கே நகரும்?

இரைச்சலும் இதே கதைதான். ஆம்பின் சொந்த இரைச்சல் 1 மில்லிவோல்ட் என்று வையுங்கள். 88 டெசிபெல் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டரில் 19 டெசிபெல், யாருக்கும் கேட்காது. உங்களுடையதில் 36. இரவில் அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும். ஆம்ப் கெட்டுப்போகவில்லை. ஹார்ன் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிறது.

மெதுவாக வைத்தால் மணல் கலப்பதற்குக் காரணம் அநேகமாக ஆம்பின் க்ளாஸ் ஏபி. பாசிட்டிவ் பாதியை ஒரு டிரான்சிஸ்டர், நெகட்டிவ் பாதியை இன்னொன்று என்று கைமாற்றும் இடத்தில் வருகிற சிதைவு அது. பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம்) குறைவாக இருந்தால் அதிகம் வரும். 50 வாட்டில் அது பாட்டுக்குள் மறைந்துவிடும், நீங்கள் கேட்பதோ 0.01 வாட்டில்.

300பி விஷயத்துக்கு இரண்டு தகவல் தேவை. இன்புட்டில் ஷார்ட்டிங் ப்ளக் (சிக்னல் எதுவும் நுழையாமல் அடைக்கும் ப்ளக்) போட்டாலும் ஹம் இருக்கிறதா? ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும் மின்தடை) வரைபடம் கிடைக்குமா?

ஒன்று முக்கியம்: ஹம் போக மின்சார ப்ளக்கின் எர்த்தைக் கழற்றச் சொல்லி யாராவது வருவார்கள். செய்யாதீர்கள். வால்வு ஆம்பின் அடிப்பலகையையும் திறக்காதீர்கள், சுவிட்ச் அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.

இரவுக்கேட்பவர்
நானும் ஹார்ன்காரன்தான். உஸ்ஸோடு ஏழு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். இப்போது அது நின்றால்தான் தூக்கம் வராது போல!

ஒரு கேள்வி, உட்காரும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் எவ்வளவு தூரம்? ஹார்ன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதால் கிட்டே உட்கார்ந்தால் குரல் ஒரு உயரத்திலும் அதன் மினுமினுப்பு இன்னொரு உயரத்திலும் பிரிந்து கேட்கும். மூன்று மீட்டருக்குக் கீழே வேண்டாம். காதை நோக்கி நேராகவும் திருப்ப வேண்டாம். இரண்டின் அச்சும் உங்கள் தலைக்கு முன்னால் ஓர் அடியில் வெட்டிக்கொள்ளும்படி வைத்துப் பாருங்கள்.

பாட்டுப்பித்தன்
செய்து பார்த்தேன். தூரம் மூன்று மீட்டர்தான், திருப்பியதில் மேல் ஸ்வரங்கள் கொஞ்சம் அடங்கின. ஷார்ட்டிங் ப்ளக் போட்டும் ஹம் போகவில்லை. மீட்டரில் ஸ்பீக்கர் முனையில் பார்த்தால் இடது 2.8 மில்லிவோல்ட் ஏசி, வலது 0.9.

வரைபடம் கையேட்டில் இருந்தது. 150 ஹெர்ட்ஸ் பக்கம் 4.5 ஓமுக்கு இறங்குகிறது, 1500 பக்கம் 32 ஓமுக்கு ஏறுகிறது. அப்படியென்றால் 8 ஓம் என்று எதைச் சொல்கிறார்கள்?!

மல்டிமீட்டர்
8 என்பது பெயருக்குத்தான். அந்த வரைபடத்திலேயே உங்கள் கத்தலுக்குப் பதில் இருக்கிறது.

டிரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஓமில் சிறு பின்னம்தான். ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்தாலும் 32 ஆக இருந்தாலும் அதே வோல்டேஜ் கொடுக்கும். ஃபீட்பேக் (வெளியே வருவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பிக் கொடுத்துத் திருத்துவது) இல்லாத 300பி ஆம்புக்கு அது 3 ஓம் வரை வரலாம். 32 ஓமில் இழப்பு 0.8 டெசிபெல், 4.5 ஓமில் 4.4. ஆக 150 ஹெர்ட்ஸைவிட 1500 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட மூன்றரை டெசிபெல் தூக்கலாகப் போகிறது. ஒரு டோன் கன்ட்ரோலை நீங்களே திருப்பி வைத்த மாதிரி. பாடகியின் மேல் ஸ்தாயிக்குப் பளிச்சென்ற தன்மை தருவது அந்த இடம்தான். பாஸ் தளர்வுக்கும் இதே காரணம், வூஃபரைப் பிடித்து நிறுத்த ஆம்புக்குப் பிடி போதவில்லை.

ஆம்பின் பின்பக்கம் 4 ஓம், 8 ஓம் என்று இரண்டு முனை இருக்கும். அணைத்துவிட்டு 4 ஓம் முனைக்கு மாற்றுங்கள். அவுட்புட் இம்பீடன்ஸ் பாதியாகும், மேடுபள்ளம் இரண்டு டெசிபெல்லுக்கு வந்துவிடும். வாட் கொஞ்சம் குறையும், உங்களுக்கு அது எதற்கு? வால்வுக்கும் சுமை லேசாகி டிஸ்டார்ஷன் குறையும். அப்புறமும் குத்தினால் 1500 மேட்டைத் தட்டையாக்க ஸ்பீக்கர் முனையில் ஒரு ஆர்எல்சி சர்க்யூட் (ரெசிஸ்டர், காயில், கெப்பாசிட்டர் சேர்ந்தது) போடலாம், அது இரண்டாம் கட்டம்.

ஹம்: 300பியின் உள்ளே சூடாகும் கம்பியான ஃபிலமென்ட்டுக்கு 5 வோல்ட். அதை ஏசியில் சூடாக்கியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் அப்படியே பாட்டில் ஏறும். சில ஆம்ப்களில் மேல்தட்டிலேயே சேனலுக்கு ஒரு சிறிய ஹம் ஸ்க்ரூ இருக்கும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்பி, குறைந்தபட்சம் வருகிற இடத்தில் நிறுத்துங்கள். வெளியே ஸ்க்ரூ இல்லையென்றால் நண்பரிடமே கொடுத்துவிடுங்கள்.

முதல்வாட்
வால்வே வேண்டுமென்று இல்லை. ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸின் ஃபர்ஸ்ட் வாட் ஆம்ப்களைப் பாருங்கள், முதல் வாட் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பெயரே. 25 வாட் அளவில் க்ளாஸ் ஏ டிரான்சிஸ்டர், பாதிக்குப் பாதி கைமாற்றுவதே இல்லை, அதனால் அந்த மணல் வராது. பாஸ் இறுக்கமாக இருக்கும். 300பியின் குரல் தசைப்பிடிப்போடு இருக்கும், இது சற்று மெலிந்த உடம்பு, ஆனால் எலும்பு நேராக நிற்கும். என் காதுக்குப் பெரிய இசைக்குழுவுக்கு இது, தனிக் குரலுக்கு அது.

பாட்டுப்பித்தன்
இரண்டையும் வைத்து, பாஸுக்கு டிரான்சிஸ்டர், மேலே 300பி என்று ஓட்டலாமா? ஸ்பீக்கரில் இரண்டு ஜோடி முனை இருக்கிறது.

மல்டிமீட்டர்
ஓட்டலாம். ஆனால் இரண்டின் பெருக்கமும் சமமில்லை, பாஸ் தனியாகத் தூக்கும். அதிகமாகப் பெருக்குகிற ஆம்பின் இன்புட்டில் சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் அட்டென்யூவேட்டர் போட்டு மீட்டர் வைத்துச் சமன் செய்ய வேண்டும். உஸ் கேட்பது உச்ச ஹார்னில், வூஃபரில் அது காதுக்கே வராது, எனவே பழைய ஆம்ப் பாஸுக்குப் பொருத்தம்தான். முதலில் 4 ஓம் முனையைப் பாருங்கள்.

பாட்டுப்பித்தன்
நேற்று இரவு மாற்றினேன். மேல்தட்டில் ஸ்க்ரூ இருந்தது, நான்தான் அதை ஏதோ மூடி என்று நினைத்திருக்கிறேன். இடது 2.8இலிருந்து 0.6க்கு வந்தது. ஹார்னுக்குள் தலையை விட்டால்தான் ஹம் கேட்கிறது.

4 ஓம் முனையில் பாடகி மேலே போகும்போது இப்போது குத்தவில்லை, குரல் ஓர் அடி பின்னால் போய் நின்ற மாதிரி. பாஸ் முன்பைவிடப் பிடிப்பு, ஆனாலும் டிரான்சிஸ்டர் அளவுக்கு இல்லை. வயலினில் வில் திரும்பும் இடம் தெரிகிறது. ஒரே ஒரு ரெக்கார்டிங் மட்டும் இன்னும் கத்துகிறது. அதை ஹெட்ஃபோனிலும் கேட்டுப் பார்த்தேன், அங்கேயும் கத்துகிறது. அது ஆம்பின் பாவம் இல்லை.

நண்பர் ஆம்பை எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

பழையவால்வு
எடுக்காதீர்கள்.