வீறிட்டு அழுத பையன் நீலமாகித் துவண்டுவிட்டான், இது வலிப்பா?

கவுண்டன்யா (குடியாத்தம்)

வணக்கம். பையனுக்கு 1 வயது 4 மாதம். நான் பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பகலில் அவன் என் மாமியாரிடம் இருப்பான். அவர் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவார். போன செவ்வாய்க்கிழமை முறத்தில் இருந்த கத்தரியை இவன் எடுத்துவிட்டான். அவர் வெடுக்கென்று பிடுங்க, வீல் என்று ஒரு அழுகை. அதற்கப்புறம் வாய் திறந்தது திறந்தபடியே இருந்ததாம். சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை. உதடு கறுநீலமாகி, கண் மேலே செருகி, மாமியார் மடியிலேயே துவண்டு போயிருக்கிறான். கடைசியில் கை கால் லேசாக வெட்டியது என்றும் சொல்கிறார்.

தெருவே கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க, ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிக்க, எதிர்வீட்டு அக்கா பல்லுக்கிடையில் ஸ்பூனை விடப் பார்த்திருக்கிறார். அதற்குள் அவனே மூச்சை இழுத்து அழ ஆரம்பித்துவிட்டான். மொத்தமே ஒரு நிமிடம் இருக்காது என்கிறார்கள். நான் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். மாமியார் சொல்ல ஆரம்பித்ததை முடிக்கக்கூட விடவில்லை. "ஃபிட்ஸ்" என்று சொல்லி இரண்டு வேளை வலிப்பு சிரப் எழுதி, மூளை ஸ்கேனுக்கும் சீட்டு கொடுத்துவிட்டார்கள். காய்ச்சல் எதுவும் இல்லை. மாமியார் பயந்த கோளாறு என்று வேப்பிலை அடித்து, கெங்கையம்மனுக்கும் வேண்டிக்கொண்டார். வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார், போனிலேயே அழுகிறார். ஸ்கேனுக்கு மயக்க மருந்து கொடுப்பார்களாமே, அது வேறு பயம். இது வலிப்புதானா? மறுபடி வந்தால் மாமியார் தனியாக என்ன செய்வது?

பாலாற்றுக்காரன் (ஆம்பூர்)

பயப்படாதீங்க தங்கச்சி. என் அக்கா பையனுக்கும் இப்படித்தான் வரும். கையில் இரும்பு கொடுத்தால் உடனே நின்றுவிடும். சாவி இல்லாவிட்டால் அரிவாள்மனைப் பிடியைத் தொட வைப்போம். பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற சிஸ்டர் (சத்துவாச்சாரி)

கவுண்டன்யா, குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். இதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், ஆனால் முடிவு சொல்ல வேண்டியது குழந்தை டாக்டர்.

உங்கள் மாமியார் சொன்ன வரிசையை மறுபடி பாருங்கள். முதலில் கோபம், அப்புறம் அழுகை, அப்புறம் மூச்சு நின்றது, நீலம், துவளல், கடைசியில் வெட்டு. அழுகையில் தொடங்கி இந்த வரிசையில் வந்தால் பெரும்பாலும் அது மூச்சடைப்பு. நம்ம பக்கம் "மூச்சு கட்டிக்கும்" என்பார்களே, அதுதான். குழந்தை அடம் பிடிக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம், மூச்சை அது வேண்டுமென்று பிடிப்பதில்லை, தானாக நின்றுபோகிறது. வலிப்பு வர அழுகை தேவையில்லை. சும்மா விளையாடும்போதோ தூக்கத்திலோ வரும். வெட்டுதான் முதலில், நிறம் மாறுவது அப்புறம். முடிந்த பிறகும் குழந்தை வெகுநேரம் அசந்து தூங்கும். உங்கள் பையன் உடனே பிஸ்கட் தின்றிருக்கிறான்.

இன்னொரு வகையும் உண்டு. கட்டிலில் தலை இடித்துக்கொள்ளும், அல்லது எதையோ பார்த்துத் திடுக்கிடும். அழுகைகூட வராது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்து விழுந்துவிடும். அதில் இதயத் துடிப்பு சில நொடி மெதுவாகிறது. இரண்டுமே 6 மாதத்தில் இருந்து 6 வயது வரை வரலாம், 1, 2 வயதில்தான் அதிகம். பள்ளிக்கூடம் போகிற வயதில் தானாகவே நின்றுவிடும். இதனால் மூளைக்கு எதுவும் ஆவதில்லை. குடும்பத்தில் ஓடுகிற விஷயம் இது, அதனால் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் இருந்ததா என்று மாமியாரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆம்பூர் தம்பி சொன்ன சாவிக்கு வருகிறேன். சாவி கொடுத்ததும் நின்றது உண்மைதான். கொடுக்காமல் இருந்தாலும் அதே நேரத்துக்குத்தான் நின்றிருக்கும். ஆனால் பாருங்கள், இந்தக் குழந்தைகளில் நிறைய பேருக்கு உடம்பில் இரும்புச்சத்து குறைவு. சிரப்பாகக் கொடுத்தால் மூச்சடைப்பு குறைகிறது, சிலருக்கு அடியோடு நின்றே போகிறது. இரும்பு வேண்டியதுதான் தம்பி, கையில் இல்லை, வயிற்றுக்குள்.

மாமியார் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடக் கூடாது. நிமிர்த்திப் பிடித்தால் தலைக்குப் போகிற ரத்தம் இன்னும் குறையும். முறத்தையும் கத்தரியையும் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் பாய் மேல் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். ஒருக்களித்துப் படுத்தால் எச்சிலோ வாந்தியோ வெளியே வழிந்துவிடும், மூச்சுக் குழாய்க்குள் போகாது. வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், சோடா எதுவும் கூடாது. எதிர்வீட்டு அக்காவிடமும் சொல்லிவையுங்கள், ஸ்பூனால் பல் உடைந்து அது தொண்டைக்குள் போவதுதான் நடக்கும். குலுக்குவது, கன்னத்தில் தட்டுவது, மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது எல்லாம் வேண்டாம். வாயில் ஏற்கெனவே பிஸ்கட் இருந்து, கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுத்துவிடலாம். அப்புறம் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணட்டும். பயத்தில் பத்து நொடிகூட பத்து நிமிடமாகத் தெரியும். எண்ணினால் டாக்டரிடம் சரியான கணக்குச் சொல்லலாம். பக்கத்தில் யாராவது இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பத்து பேர் வாயால் சொல்வதைவிட அந்த வீடியோ டாக்டருக்கு உபயோகமாக இருக்கும்.

60 வரை எண்ணியும் மூச்சு திரும்பவில்லை, அல்லது மீன் மாதிரி எப்போதாவது வாயைத் திறந்து மூடுகிறது என்றால் 108. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பிக்கணும். இந்த வயதுக்கு ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம் போதும். நெஞ்சின் நடுவில், நெஞ்சுக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில். 30 அமுக்கு, 2 முறை வாயோடு வாய் ஊதல். மூச்சடைப்பில் இந்த நிலை வருவது மிக அபூர்வம். ஆனால் துவண்டது எதனால் என்று அந்த நொடியில் யாருக்கும் தெரியாதே, அதனால் கற்றுவைத்துக்கொள்வது நல்லது. வெட்டு 5 நிமிடம் தாண்டினாலும் 108தான், காய்ச்சல் வலிப்பாக இருந்தாலும் அதே கணக்கு.

பீடி என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. முறத்துப் புகையிலைத் தூளைக் குழந்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டால் வாந்தி, எச்சில் ஒழுகல், வெளுத்துப் போதல், துவளல், வலிப்புகூட வரலாம். மூச்சடைப்பு என்று நினைத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தால் ஆபத்து. வாயைத் துடைத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரி, வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அதே மாதிரி ஓட்டு வீட்டிலும் விறகு அடுக்கி வைத்த இடத்திலும் தேள் உண்டு. குழந்தை திடீரென்று வீறிட்டு, உடம்பெல்லாம் வியர்த்து, கை கால் சில்லிட்டு, எச்சில் ஒழுகினால் காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். மந்திரிக்கிற இடத்தில் போகிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். வேப்பிலை அடிப்பதை நான் குறை சொல்லவில்லை, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அடிக்கட்டும்.

வலிப்பு சிரப் இந்த மூச்சடைப்பைத் தடுக்காது. அதற்காக நீங்களாக நிறுத்தவும் கூடாது, ஆரம்பித்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும். ஸ்கேனை இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டு ஒரு குழந்தை டாக்டரைப் பாருங்கள். குடியாத்தம் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். இல்லாவிட்டால் அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ், அல்லது சி.எம்.சி. குழந்தைகள் ஓ.பி. முக்கியமாக மாமியாரைக் கூட்டிப்போங்கள். முதலில் இருந்தே கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ரத்த அளவும் (ஹீமோகுளோபின்), இதயத் துடிப்பைப் பதிகிற ஒரு ஈசிஜியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், இரண்டுமே சின்னச் செலவு.

காட்பாடி ஜங்ஷன்

சிஸ்டர் ஈசிஜி என்று சொன்னதை யாரும் சும்மா தாண்டிவிடாதீர்கள். எங்கள் அண்ணன் மகள், 8 வயது, ஸ்கூல் ஸ்போர்ட்ஸில் ஓடும்போதே விழுந்துவிட்டாள். அழுகை, பயம் எதுவும் இல்லை. வெயிலில் ஓடினாள், வேலூர் வெயில்தானே என்று எல்லோரும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து விட்டுவிட்டார்கள். அப்புறம் அலாரம் சத்தத்துக்கு எழுந்தவள் மறுபடி விழுந்தாள். அதன் பிறகு எடுத்த ஈசிஜியில்தான் க்யூ.டி. இடைவெளி நீளம் என்று வந்தது. இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே இருக்கிற கோளாறாம். இப்போது தினமும் மாத்திரை போடுகிறாள், போட்டி ஓட்டமும் நீச்சலும் டாக்டர் கேட்டுத்தான். அண்ணி வீட்டில் ஒரு மாமா சின்ன வயதில் கிணற்றில் குளிக்கும்போது இறந்தவர். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்தான். அந்தக் கதையை டாக்டர் கேட்ட பிறகுதான் எங்களுக்கே பொறி தட்டியது.

ஓய்வுபெற்ற சிஸ்டர் (சத்துவாச்சாரி)

நல்ல வேளை எழுதினீர்கள். ஓடும்போதோ நீந்தும்போதோ விழுந்தால், பெரிய சத்தத்துக்கு விழுந்தால், குடும்பத்தில் இளவயதில் திடீர் சாவு இருந்தால், குழந்தை பிறவியிலேயே காது கேட்காததாக இருந்தால் ஈசிஜி எடுக்காமல் வீட்டுக்குப் போகவே கூடாது. 6 மாதம் நிரம்பாத குழந்தை துவண்டால் எந்தக் காரணமும் யோசிக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கவுண்டன்யா (குடியாத்தம்)

எல்லோருக்கும் நன்றி. மாமியாரைக் கூட்டிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "அழுதானா, மூச்சு நின்றதா, எது முதலில்?" என்பதுதான். மாமியார் நடித்தே காட்டிவிட்டார். மூச்சடைப்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈசிஜி சரியாக இருக்கிறது, ஸ்கேன் இப்போது வேண்டாம், வலிப்பு சிரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சீட்டு எழுதியிருக்கிறார். ரத்தம் 8.4தான் இருக்கிறது. இரும்பு டிராப்ஸ் ஆரம்பித்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து மாமியார் மெதுவாகச் சொல்கிறார், வீட்டுக்காரரும் 3 வயது வரை இப்படி மூச்சு கட்டி விழுவாராம்! இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், "அவன்தான் நல்லா இருக்கானே" என்கிறார். பெங்களூருக்குப் போன் போட்டு நன்றாகத் திட்டினேன்.

சிஸ்டர், இரண்டு சந்தேகம். மலம் கறுப்பாகப் போகிறது. அப்புறம் பையன் சோறு சரியாகத் தின்ன மாட்டான், நாளெல்லாம் பால்தான். மருந்தைப் பாலில் கலந்து கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற சிஸ்டர் (சத்துவாச்சாரி)

கறுப்பு மலம் இரும்பு மருந்தால்தான், பரவாயில்லை. பாலில் மட்டும் கலக்காதீர்கள், இரும்பு உடம்பில் ஏறாது. டீயும் கொடுக்க வேண்டாம், பாட்டிகள் பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டுவார்கள், கவனியுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் இடையில், எலுமிச்சையோ சாத்துக்குடியோ பிழிந்த தண்ணீரோடு கொடுத்தால் நன்றாக ஏறும். டிராப்பரை நாக்கின் பின்பக்கமாக விட்டால் பல் கறுக்காது.

உங்கள் சிக்கலே அந்தப் பால்தான் என்று நினைக்கிறேன். மாட்டுப் பாலில் இரும்பு கொஞ்சம்கூடத் தேறாது, வயிறு நிறைந்துவிடுவதால் சோறும் இறங்காது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். கேழ்வரகுக் கூழ், மசித்த கீரை, பருப்பு, முட்டை மஞ்சள் கரு, நீங்கள் சாப்பிடுகிறவர்கள் என்றால் ஆட்டு ஈரல். ரத்தம் 11 தாண்டியதும் நிறுத்திவிடாதீர்கள், சேமிப்புக்காக இன்னும் சில மாதம் தொடரச் சொல்வார்கள். அங்கன்வாடியில் வாரம் இரண்டு தடவை 1 மில்லி கொடுக்கிற இரும்பு சிரப், குறையாமல் இருப்பதற்கானது. இப்போது டாக்டர் எழுதிய அளவு வேறு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். பாட்டிலை உயரத்தில் வையுங்கள், இனிப்பாக இருக்கிறது என்று குழந்தை முழுசாகக் குடித்தால் இரும்பும் விஷம்தான்.

ஒன்று மட்டும் மாமியாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அழுதால் விழுவான் என்று பயந்து கேட்டதெல்லாம் கையில் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்த வருடம் வீட்டில் அவன்தான் ராஜா. கத்தரியைக் கேட்டால் பிடுங்குவதற்கு முன்னால் வேறு ஒன்றை நீட்டலாம். அப்படியும் அழுதால் அழட்டும்.

பாலாற்றுக்காரன் (ஆம்பூர்)

சரி சிஸ்டர், சாவியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அக்காவிடமும் ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். என் பெரியவன் 7ஆவது படிக்கிறான், காலை ப்ரேயரில் நின்றபடியே மயங்கிவிட்டான். இதுவும் அதே ரகமா?

ஓய்வுபெற்ற சிஸ்டர் (சத்துவாச்சாரி)

இல்லை தம்பி. காலையில் சாப்பிடாமல், அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தங்கி, தலைக்குப் போவது குறைந்து விழுவது இது. கண் இருட்டியது, காது அடைத்தது, வியர்த்தது என்று விழுவதற்கு முன்னால் தெரிந்ததா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பெரும்பாலும் பயமில்லை. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை ஒரு அடி உயர்த்திப் பிடித்தால் போதும். எழுந்ததும் ஓடவிடாமல் பத்து நிமிடம் படுக்க வைத்து, நன்றாகத் தெளிந்த பிறகு தண்ணீர் கொடுங்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் பட்டென்று விழுந்தான் என்றால் அவனுக்கும் ஒரு ஈசிஜி.