புதுப்பிப்பு: காலாவதியான உட்பிரிவு அனுமதி, மேல்முறையீட்டின் முடிவு

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே எங்கள் நிலத்தை நான்கு மனையாகப் பிரிக்க வாங்கிய அனுமதி காலாவதியாகிவிட்டது என்று நகராட்சி கைவிரித்ததை எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மேல்முறையீட்டில் ஜெயித்தாச்சு. கைகொடுத்தது சர்வேயர் அண்ணன் சொன்ன வழிதான்: 2013-ஆம் ஆண்டின் ஸ்ப்ளுமா (SPLUMA) என்ற நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் சட்டம், பிரிவு 43(2). அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகளை முடிக்க 3 ஆண்டு என்றிருந்தாலும், நீட்டிப்போடு சேர்த்து 5 ஆண்டு வரை போகலாம். கெடுவுக்கு முன்பே நீட்டிப்புக் கேட்ட, முத்திரை போட்ட நகல் என்னிடம் இருந்தது. நல்லவேளை, தூக்கிப் போடவில்லை. பிரிவு 51-இன்படி, மறுப்பு வந்த 21 நாளுக்குள் நகராட்சி மேலாளரிடம் காரணங்களோடு எழுதிக் கொடுத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: அந்த 5 ஆண்டு முதல் அனுமதி நாளிலிருந்தே ஓடுகிறது. மேல்முறையீட்டில் போன மாதங்கள் போனவைதான். மீதி 11 மாதம். அதற்குள் நிபந்தனையில் உள்ள தண்ணீர், சாக்கடை வேலை முடியவேண்டும்.