தடுப்பூசி போட்ட குதிரையிலிருந்தும் ஃப்ளூ பரவுமா?

கேள்வி:
2007-ல் ஜப்பானிலிருந்து விமானத்தில் வந்த பொலிகுதிரை வழியாகத்தான் ஆஸ்திரேலியாவுக்குள் குதிரை ஃப்ளூ வைரஸான எச்3என்8 நுழைந்தது. தடுப்பூசி போட்ட குதிரை, தனிமைப்படுத்தல் நிலையத்திலும் அடைத்து வைத்தார்கள். அப்புறம் எப்படி வெளியே போனது? கழுதைகளுக்கும் இதே விதிமுறை போதுமா?

பதில் 1:
தடுப்பூசி நோயைத்தான் அடக்கும். எதிர்ப்புச் சக்தி அரைகுறையாக இருந்தால் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமலே மூக்கு வழியாகச் சில நாள் வைரஸ் வெளியேறும். ஊசியில் இருப்பது பழைய வகை என்றால் இன்னும் மோசம். அந்த ஆகஸ்டில் ஜப்பானிலேயே தடுப்பூசி போட்ட பந்தயக் குதிரைகளுக்கு நோய் ஓடிக்கொண்டிருந்தது.

சிட்னியின் ஈஸ்டர்ன் கிரீக் தனிமைப்படுத்தல் நிலையத்திலிருந்து குதிரை தப்பி ஓடவில்லை. குதிரையைத் தொட்டுவிட்டுச் சரியாகச் சுத்தம் செய்யாமல் வெளியேறிய யாரோ ஒருவரின் உடலிலோ உடையிலோ கருவியிலோ போயிருக்கலாம் என்பதே விசாரணை ஆணையத்தின் முடிவு. வெளியே இருந்தவை தடுப்பூசியே காணாத குதிரைகள். மெய்ட்லாந்து ஊரில் நடந்த குதிரைப் போட்டியில் கூடிக் கலைந்ததும் பல ஊர்களுக்குப் பரவிவிட்டது.

பதில் 2:
அதனால் தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். வந்ததும் ஒரு முறை, சில நாள் கழித்து மறுபடியும் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) எடுக்க வேண்டும். மூக்குத் துவாரத்தில் சும்மா தடவி எடுத்தால் வைரஸ் இருந்தும் நெகட்டிவ் வரும். மூக்கு நுனியிலிருந்து கண்ணின் உள்மூலை வரை அளந்து, அவ்வளவு தூரம் நீண்ட ஸ்வாபைக் கீழ்ப்பக்கமாகச் செலுத்தித் தொண்டையருகில் தேய்த்து எடுங்கள். வைரஸ் கெடாமல் காக்கும் ஊடகத் திரவத்தில் போட்டு, 4 டிகிரி செல்சியஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

லாடம் அடிப்பவரின் கருவி, வாளி, கயிறு என எதுவும் வெளியே போகக்கூடாது. ஆள் குளித்து உடை மாற்றித்தான் வெளியேற வேண்டும். இந்த வைரஸ் சோப்புக்கே சாகும். ஆனால் சாணத்தைக் கழுவாமல் கிருமிநாசினி தெளித்தால் வீண்.

பதில் 3:
கழுதைக்கு இது போதாது. அதன் இயல்பு வெப்பநிலையே குதிரையைவிடக் குறைவு. குதிரைக்கு வைக்கும் 38.5 டிகிரி செல்சியஸ் வரம்பை வைத்தால் ஆரம்பக் காய்ச்சல் தப்பிவிடும். வலியையும் காட்டிக்கொள்ளாது. தீனி எடுக்காவிட்டால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பட்டினியில் ரத்தத்தில் கொழுப்பு ஏறினால் அதுவே கொன்றுவிடும்.

2019-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர், நைஜீரியா பக்கம் இதே ஃப்ளூவில் கழுதைகள் செத்தபோது விமானமும் இல்லை, தனிமைப்படுத்தலும் இல்லை. சந்தைக்குச் சந்தை, எல்லை தாண்டி ஓட்டிப்போகும் வழியில் தடுப்பூசியும் கிடையாது. காய்ச்சலோடு சுமை ஏற்றினால் நிமோனியா சேர்ந்துகொள்ளும். காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது கணக்கு. வண்டிக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், அது வேறு விஷயம்.

குதிரைக்கான ஊசியையே கழுதைக்கும் போடலாம்: 4–6 வார இடைவெளியில் 2 ஊசி, ஏறக்குறைய 6 மாதத்தில் மூன்றாவது. எச்3என்8 வைரஸின் கிளைகளான ஃப்ளோரிடா கிளேட் 1, 2 இரண்டும் உள்ளதா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.