வாரண்டிஸுக்குத் தமிழ்ச்சொல்: 'உத்தரவாதம்' போதாது

நண்பர்களே வணக்கம்,

ஸ்காட்லாந்து சொத்துச் சட்டத்துல வாரண்டிஸ்னு (warrandice) ஒரு சொல் வரும், நிலம் விக்கிறவர் அதோட உரிமைக்கு ஏத்துக்கிற பொறுப்பு அது. அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டதுக்கு இந்த இழைல இதுவரைக்கும் வந்தது உத்தரவாதம், உறுதிமொழி, பிணை மூணும்தான். மூணுமே எனக்கு ஒத்துவரல. வாரண்டிஸ்ங்கிற சொல்லுக்குள்ள பொறுப்பேத்து நிக்கிற ஒரு ஆள் இருக்கார், அந்த ஆள் இந்த மூணுலயும் காணாம போயிடறார்.

வேர்ச்சொல் பழைய ஸ்காட்ஸ்ல வாரண்ட். நமக்கு வாரண்ட்னாலே போலீஸ் கொண்டுவர்ற காகிதம்தான் ஞாபகம் வரும், ஆனா அங்க பழைய வழக்குல வாரண்ட்னா காப்பவன், ஒருத்தருக்காகப் பொறுப்பேத்து வந்து நிக்கிறவன். பிரெஞ்சு வழியா வந்த சொல், கேரண்டியும் இதே குடும்பம். தப்பிச்சு ஓடி ஒதுங்குற பாதுகாப்பான இடத்துக்கும் அதே சொல்தான்.

12ஆம் நூற்றாண்டுல இது எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. உங்க கொட்டில்ல நிக்கிற மாட்டைக் காட்டி ஒருத்தர் இது என்னோடது, திருட்டுப் போனதுன்னு வழக்கு போடறார். நீங்க காசு குடுத்து வாங்கினேன்னு சொன்னா மட்டும் பத்தாது, வித்தவரைக் கூட்டிட்டு வந்து நிறுத்தணும், அவர்தான் உங்க வாரண்ட். அவர் வந்து நான்தான் வித்தேன்னு வழக்கைத் தன் தலைல ஏத்துக்கிட்டா நீங்க தப்பிச்சீங்க, வரலைன்னா மாட்டோட போகாது, திருட்டுப்பழியும் உங்க மேலதான். வாரண்டை எங்க கொண்டுவந்து நிறுத்தணும்னு ஸ்கோன், ஃபார்ஃபர், அபர்டீன், இன்வர்னஸ்னு வட்டாரத்துக்கு ஒரு இடமே குறிச்சு வச்சிருந்தாங்க.

நிலம் விக்கிறப்போ இதே பொறுப்பை எழுத்துல ஏத்துக்கிறதுதான் வாரண்டிஸ். 1868ல வந்த சட்டப்படி பத்திரத்துல வாரண்டிஸ் தர்றேன்னு ஒத்தை வரி எழுதினாலே, வேற நிபந்தனை போடாத வரைக்கும், நிலத்துக்கு முழு வாரண்டிஸ்னு அர்த்தம், அதாவது யாரோ ஒருத்தர் மேலான உரிமையோட வந்து வாங்கினவரை வெளியேத்தினா வித்தவர் நஷ்டஈடு கட்டணும். ஆனா அதே வரி வாடகை வருமானத்துக்குக் குடுக்குறது இதைவிடக் குறைச்சல், வித்தவர் தானே செஞ்ச, இனி செய்யப்போற செயலால வர்ற கேட்டுக்கு மட்டும்தான் பொறுப்பு. டிரஸ்டிகள் விக்கிறப்போ அவங்க தனிப்பட்ட முறைல ஏத்துக்கிறதும் பொதுவா இந்த அளவுதான். தானமா குடுத்தா இன்னும் கம்மி, குடுத்ததைக் கெடுக்குற மாதிரி இனிமே நானா எதுவும் செய்யமாட்டேன், அவ்வளவுதான்.

இப்ப சொல்லுக்கு வருவோம். உத்தரவாதம்னா இன்னிக்கு ஃபிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் குடுக்குறது, பொருள் நல்லா ஓடும்ங்கிற பேச்சு. வாரண்டிஸ் நிலம் நல்ல நிலம்னு சொல்லல, உரிமைக்கு மட்டும்தான் பொறுப்பு. உறுதிமொழி ரொம்பப் பொத்தாம்பொது. பிணைன்னா கோர்ட் ஜாமீன்னு ஆயிடுச்சு, தவிர அதுல இன்னொருத்தர் கடனுக்கு நிக்கணும், இங்க வித்தவர் தன் விற்பனைக்கே நிக்கிறார்.

நம்ம கிரயப் பத்திரத்துலயே இதே வேலையைச் செய்யுற வரி இருக்கு, பின்னால ஏதாவது வில்லங்கம் வந்தா என் சொந்தச் செலவுல தீர்த்துக் குடுப்பேன்னு எழுதுவாங்கல்ல, அது. அதை வச்சு வில்லங்கத்தீர்ப்புன்னு போடலாமான்னு யோசிச்சேன், தீர்ப்புங்கிறது ஜட்ஜ் பக்கம் இழுத்துட்டுப் போயிடும்.

அதனால என் பரிந்துரை புணை. கல்வெட்டுகள்ல பொறுப்பேத்து நிக்கிறதுக்கு வர்ற சொல், புணைப்பட்டோம்னே எழுதியிருப்பாங்க. இப்ப பேச்சுல இல்ல, அதனால வேற அர்த்தம் வந்து ஒட்டிக்காது. வாரண்டிஸுக்கு உரிமைப்புணை, வாரண்டுக்குப் புணையாள், முழு வாரண்டிஸ் முழுப்புணை, தன் செயலுக்கு மட்டும்னா தன்செயல் புணை. தானத்துக்கு வர்றதுக்கு எளியபுணைன்னு போட்டிருக்கேன், ஆனா அது இனிமே செய்யுறதுக்கு மட்டும்தான்ங்கிறது அதுல தெரியல. இதைவிடச் சரியா யாராவது சொன்னா அதையே எடுத்துக்கலாம்.