குழந்தைக்குக் கரப்பான்: ஸ்டீராய்டு களிம்பைத் தொடரலாமா?

வேளச்சேரி அம்மா:
பையனுக்கு 4 வயசு. முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் கரப்பான், அதாவது எக்ஸிமா. தூக்கத்திலேயே சொறிகிறான், காலையில் போர்வையில் ரத்தப் பொட்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் சீக்கிரமே அடங்குகிறது, தோல் மெலிந்துவிடுமோ என்று நிறுத்தினால் மறுபடி கிளம்புகிறது. மாமியார் கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றுக்கும் பத்தியம் போட்டாச்சு. இந்த வெயிலில் வேர்வை வேறு. என்ன செய்வது?

பெரம்பூர்வாசி:
பாதியில் நிறுத்துவதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சிவப்பு போனாலும் விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் இன்னும் ஆறவில்லை. டாக்டர் சொன்ன நாள்வரை தடவுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது உங்கள் உள்ளங்கை இரண்டை விரலோடு சேர்த்து வைத்தால் மறைகிற இடத்துக்குப் போதும். தோல் மெலிவது பெரும்பாலும் வீரியமான களிம்பை மாதக்கணக்கில் பூசுகிறவர்களுக்குத்தான். நிஜமாகவே தாராளமாகப் பூச வேண்டியது மாய்ஸ்சரைசர், உடம்பு முழுக்க என்றால் வாரத்துக்கு 250 கிராம்கூடப் போகும். நாமோ மோதிர விரலில் தொட்டுப் பொட்டு வைக்கிற மாதிரி வைக்கிறோம்!

மருந்துக்கடைக்காரன்:
சகோதரி, சீட்டில் எழுதிய களிம்பைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். 'அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க' என்று கேட்டால் பல கடைகளில் கிடைப்பது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தது. ஓரம் தடித்து நடு வெளிறி வட்டமாக வந்தால் அது பூஞ்சையால் வரும் படை, அதில் ஸ்டீராய்டு பட்டால் அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும்.

அடையாறு பாட்டி:
வளர்கிற பிள்ளைக்கு முட்டையை ஏம்மா நிறுத்துறீங்க? சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பத்தியம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் 5, 10 நிமிஷத்தில் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன்னே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். நுரை பொங்கும் சோப்பு வேண்டாம். வேர்த்தால் தண்ணீர் விட்டுக் கழுவி மறுபடி பூசணும், பருத்திச் சட்டைதான் போடணும். குப்பைமேனி அரைத்துப் போடச் சொல்வார்கள், புண்ணாகிக் கிடக்கிற இடத்தில் போட்டால் எரியும், வேண்டாம். நீர் வடிந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டினாலோ, காய்ச்சலோடு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகலாம்.

வேளச்சேரி அம்மா:
நன்றி. ராத்திரி ஏசி போடலாமா?

பெரம்பூர்வாசி:
தாராளமாக, வேர்வை குறைந்தால் அரிப்பும் குறையும். காற்று நேராக அவன்மேல் அடிக்காமல் பாருங்கள், தோல் காய்ந்துவிடும். படுக்கும் முன் ஒரு தரம் மாய்ஸ்சரைசர். அப்புறம் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.