அந்தக் கடைசி 18 எழுத்துகள்: யாராவது உதவ முடியுமா?

இன்றுவரை யாரென்றே உறுதியாகத் தெரியாத அமெரிக்கத் தொடர் கொலைகாரன் 'சோடியாக் கொலையாளி' 1969 ஜூலை 31 அன்று கலிபோர்னியாவின் மூன்று பத்திரிகைகளுக்குப் பிரித்து அனுப்பிய 408 குறி மறையெழுத்தோடு இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் சில நாட்களிலேயே அதை உடைத்துவிட்டார்கள். ஆனால் கடைசி 18 எழுத்துகள் மட்டும் இன்றுவரை பொருள்படவில்லை.

அந்த 18 ஆங்கில எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். 'இ' ஐந்து, 'டி' மூன்று, 'ஐ' மூன்று, 'எச்' இரண்டு, மீதி ஐந்தும் ஒவ்வொன்று. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'ஏ', 'என்', 'எஸ்' ஒன்றுகூட இல்லை! எழுத்துகளை மாற்றிப் போட்டுப் பலரும் கொலையாளியின் பெயர் என்று ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு எழுத்தைத் தள்ளி ஒன்றைச் சேர்த்தால் என் பெயரும்கூட வந்துவிடும் போலிருக்கிறது.

அப்புறம், ஒரு வரிக்கு 17 குறி, மொத்தம் சரியாக 24 வரி. அப்படியானால் இது கட்டத்தை நிரப்பப் போட்ட வெறும் குப்பையா? ஆனால் சொர்க்கத்துக்கான ஆங்கிலச் சொல்லையே தப்பாக எழுதியவன் அவன், எழுத்துப்பிழைக்குள் ஏதாவது ஒளித்திருப்பானோ என்ற சந்தேகமும் விடமாட்டேன் என்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: சொல் விளையாட்டா, நிரப்பலா என்று கணக்குப் போட்டுச் சோதிக்க வழி உண்டா? நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய இருக்கிறது.